சாகாத கோழியின் நஷ்டக் கணக்கு

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிக் கொட்டகைகளில் அன்றாடக் கணக்கு ஒரே தாளில்தான் இருக்கும். தேதி, நிற்கும் கோழி, இறப்பு, தீவன மூட்டை, முட்டை, சதவீதம். பண்ணைக்காரரின் கண் முதலில் போவது இறப்புக் கட்டத்துக்கு. நேற்று 3, இன்று 9 என்றால் வயிறு கலங்கும், உடனே டாக்டருக்குப் போன் போகும். அதே தாளில் 9,100 முட்டை 8,850 ஆகியிருந்தால், வெயில்தான் காரணம், சரியாகிவிடும் என்று ஒரு வாரம் ஓடிவிடும். ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அதிகம் பயப்பட வேண்டியது இந்த முட்டைக் கட்டத்துக்குத்தான். கோழியைக் கொல்லும் நோயைவிட, கோழியை உயிரோடு விட்டுவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளும் நோயே பண்ணையைக் கவிழ்க்கிறது.

சராசரியாக 10,000 கோழி நிற்கும் ஒரு கொட்டகையை எடுத்துக்கொள்வோம். 20ஆவது வாரத்திலிருந்து 72ஆவது வாரம் வரை, ஏறக்குறைய ஓராண்டு, கோழி முட்டையிடும். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்னும். கொட்டகைக்கு நாளைக்கு 1,100 கிலோ, ஆண்டுக்கு 401 டன். முட்டையிடும் சதவீதம் ஆண்டுச் சராசரியாக 86 என்று வைத்தால் நாளைக்கு 8,600 முட்டை, ஆண்டுக்கு 31 லட்சத்து 39 ஆயிரம், தலைக்கு 314. நன்றாக நடக்கும் பண்ணையில் இந்த அளவுகள் கிடைக்கும். நிலையில்லாதது விலைதான். 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது ஒரு விலை, வியாபாரி அதில் ‘மைனஸ்’ போட்டுக் கையில் தருவது வேறு விலை. அதனால் கணக்குக்காகச் சில விலைகளை நிறுத்தி வைக்கிறேன்: தீவனம் கிலோ 30 ரூபாய், பண்ணை வாசலில் முட்டை 5 ரூபாய். ஒரு நாள் குஞ்சு 45 ரூபாய், அது பருவத்துக்கு வரும்வரை தின்னும் ஆறரைக் கிலோ தீவனம் 195 ரூபாய், தடுப்பூசி, ஆள்கூலி, புரூடர் செலவு 40 ரூபாய். ஆகப் பருவக்கோழி ஒன்றின் அடக்கம் 280 ரூபாய். முட்டைக்காலம் முடிந்து கழிக்கும்போது 100 ரூபாய் திரும்பும். மீதி 180 ரூபாயை 314 முட்டைதான் சுமக்க வேண்டும். படிப்பவர்கள் தங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு முட்டையின் அடக்கம்:

தீவனம், 128 கிராம் — ரூ.3.84
பருவக்கோழியின் தேய்மானம் — ரூ.0.57
கூலி, மின்சாரம், மருந்து, பழுது, வட்டி — ரூ.0.40
மொத்தம் — ரூ.4.81
விற்ற விலை — ரூ.5.00
மிச்சம் — ரூ.0.19

19 காசு. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 5 லட்சத்து 96 ஆயிரம் ரூபாய். இதையே முட்டையாகச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். நாளைக்கு விழும் 8,600 முட்டையில் 6,600 தீவனத்துக்குப் போகிறது. சுமார் 990 கோழியின் தேய்மானத்துக்கு, 690 கூலிக்கும் வட்டிக்கும் மற்றவற்றுக்கும். பண்ணைக்காரருக்கு என்று மிஞ்சுவது 320, 330 முட்டை. அட்டைக்கு 30 என்று எண்ணினால் 287 அட்டையில் 11 அட்டை.

இங்கேதான் நோயின் பலம் இருக்கிறது. சதவீதம் ஒரு புள்ளி இறங்கினால் நாளைக்கு 100 முட்டை போகும். தீவனம் குறையாது, கூலி குறையாது, வட்டி குறையாது. போன 100 முட்டையும் அந்த 11 அட்டையிலிருந்துதான் போகிறது. ஆண்டுச் சராசரியில் ஒரு புள்ளி என்பது 1 லட்சத்து 82 ஆயிரத்து 500 ரூபாய். 86 என்பது 82.7 ஆனால் லாபம் பூஜ்யம். மூன்றேகால் புள்ளிதான் இடைவெளி. 100 கோழியில் மூன்றோ நான்கோ முட்டையிடாமல் நிற்பதை யாராலும் வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

மாநில அளவில் இதன் பருமன் என்ன? 2023-24இல் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடி. அதில் தமிழ்நாட்டின் பங்கு 15.64 சதவீதம், அதாவது 2,230 கோடிக்குச் சற்று மேல். ஆந்திரத்துக்கு அடுத்த இடம். இதில் நூற்றுக்கு ஒரு முட்டை நோயால் குறைந்தாலும் ஆண்டுக்கு 22 கோடி முட்டை. அந்த ஆண்டில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்தது 103 முட்டை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைப்பது 180. பண்ணையில் காணாமல்போகும் முட்டை யாருடைய தட்டிலிருந்து போகிறது என்பதையும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் பார்க்கலாம்.

இப்போது இறப்பின் விலை. 45, 46 வாரத்தில் ஒரு கோழி செத்தால் எவ்வளவு போகும்? இன்னும் 182 நாளில் அது இட்டிருக்கக்கூடியது 155 முட்டை, 775 ரூபாய். செத்த கோழி தின்னாது என்பதால் 601 ரூபாய்த் தீவனம் மிஞ்சுகிறது. கழிவு விலை 100 ரூபாய் போய்விடும். நிகர நஷ்டம் 274 ரூபாய். 100 கோழி செத்தால் 27,400. வருத்தமான தொகைதான், ஆனால் பண்ணை தாங்கும்.

ஐ.பி. என்று பண்ணையில் சொல்லும் தொற்று மூச்சுக்குழல் அழற்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வளர்ந்த முட்டைக்கோழியை இந்த வைரஸ் பெரும்பாலும் கொல்வதில்லை. இரண்டு நாள் தும்மல், இரவில் கொட்டகைக்குள் லேசான கரகரப்பு, அவ்வளவுதான். பிறகு முட்டை சரியும். ஓடு சுருங்கியும் கரடாகவும் வரும். உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஏறத் தொடங்கும். ஆனால் பல கொட்டகைகளில் பழைய அளவை எட்டாது. 42 நாள் சராசரியாக 12 புள்ளி குறைவு என்று வைத்தால் 50,400 முட்டை. அதன் பிறகு 150 நாள் 3 புள்ளி குறைவாகவே நின்றால் 45,000. இரண்டும் சேர்ந்து 95,400 முட்டை, 4 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். ஆண்டு லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு. 1,740 கோழி செத்தால் வரும் நஷ்டத்துக்கு இது சமம். 1,740 கோழி செத்திருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும். இங்கே இறப்புக் கட்டத்தில் வழக்கமான 2, 3 என்றே எழுதியிருக்கும்.

இதே வைரஸ் முதல் இரண்டு வாரத்தில் குஞ்சைத் தாக்கினால் விளைவு இன்னும் கொடுமை. குஞ்சு பிழைத்துக்கொள்ளும், நன்றாக வளரும், கொண்டை சிவக்கும். ஆனால் கருமுட்டைக் குழாய் சிறுவயதிலேயே சிதைந்துவிட்டிருக்கும். பருவம் வந்ததும் மஞ்சள்கரு வயிற்றுக்குள் விழுமே தவிர முட்டையாக வெளியே வராது. பார்வைக்கு முழு ஆரோக்கியமான, ஆயுளில் ஒரு முட்டைகூட இடாத கோழி. அது ஆண்டுக்கு 40 கிலோ தீவனம் தின்னும், 1,204 ரூபாய். 10,000இல் 300 இப்படி இருந்தால் 12 டன் தீவனம், 3 லட்சத்து 61 ஆயிரம் ரூபாய். ஒரு கூண்டில் மூன்று நான்கு கோழி சேர்ந்து நிற்பதால் எது இடவில்லை என்று தெரியாது. சில கோழிகள் வயிற்றில் நீர் கோத்து உடம்பை நிமிர்த்தி நிற்கும். அவற்றை மட்டும் அனுபவமுள்ள ஆள் அடையாளம் கண்டு கழித்துவிடுவார். மற்றவை கடைசிவரை தின்றுகொண்டே இருக்கும்.

அதனால்தான் அன்றாடத் தாளில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும் என்கிறேன். ஒன்று, ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம். உச்சத்தில், 95 சதவீதத்தில், இது 116 கிராம். நம் கணக்கின் ஆண்டுச் சராசரி 128. லாபம் முடியும் இடம் 133. எழுபது சதவீதத்துக்கு இறங்கினால் 157, அப்போது தீவனம் மட்டுமே 4 ரூபாய் 71 காசு. அறுபதில் 183 கிராம், ஐந்தரை ரூபாய். இரண்டாவது கட்டம், அந்த இனத்துக்குக் குஞ்சுப் பண்ணை கொடுத்த வாராந்தர அட்டவணையைவிட இன்று எத்தனை முட்டை குறைவு. வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடாமல் நேற்றோடு ஒப்பிடும் பழக்கத்தால்தான் மெதுவான சரிவு தப்பிவிடுகிறது. நாளுக்கு 20 முட்டை குறைந்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு மாதத்தில் அது 6 புள்ளி.

தடுப்பூசிக் கணக்குக்கு வருவோம். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவானது. ஓரிரு ஆண்டுக்குள் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் தென்பட்டு, நம் நாட்டில் அந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டது. தடுப்பூசி இல்லாத கூட்டத்தில் 100க்கு 90 வரை கொன்றுவிடும். ஊசி சரியாகப் போட்ட கூட்டத்தில் அதன் முகமே மாறிவிடும். சாவு இருக்காது, முட்டை மட்டும் சரியும். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, பிறகு லசோட்டா, எட்டு வார வாக்கில் முக்தேஸ்வர் ஆய்வகத்திலிருந்து வந்த ஆர்.2.பி. ஊசி, முட்டைக்கு வருமுன் செயலிழந்த வைரஸ் ஊசி என்று வரிசை போகும். இவற்றோடு முதல் நாளே போடும் மாரெக்ஸ் ஊசி, இரண்டாம் வாரம் கம்போரோ, பிறகு ஐ.பி., அம்மை. மொத்தத்துக்கும் ஆள்கூலியோடு தலைக்கு 15 ரூபாய் என்று வைப்போம். 10,000 கோழிக்கு ஒன்றரை லட்சம், அதாவது 30,000 முட்டை. கொட்டகையின் மூன்றரை நாள் உற்பத்தி.

மூன்றரை நாள் முட்டையைக் கொடுத்து 365 நாளைக் காக்கிறோம் என்றால் அந்த மருந்து உயிரோடு போய்ச் சேர வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய குப்பி, பைக் பெட்டியில் ஐஸ் இல்லாமல் சித்திரை வெயிலில் வந்தால் கோழிக்குள் போவது வெறும் தண்ணீர். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் இருந்தால் வைரஸ் செத்துவிடும். அதனால் முதல் நாளே குளோரினை நிறுத்திவிட்டு, தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு முதல் ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலப்பார்கள். ஒன்றரை லட்ச ரூபாய்ச் செலவின் பலன் இந்த ஐந்து கிராம் பால்பொடியிலும் ஒரு ஐஸ் கட்டியிலும் நிற்கிறது என்பதைக் கூலி ஆளுக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறோமா?

ஊசி சரியாகப் போட்டும் எதிர்ப்பு ஏறவில்லை என்றால் தீவனத்தைப் பார்க்க வேண்டும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிய மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் சேரும். 100 கோடியில் 20 பங்கு என்பது வழக்கமான வரம்பு. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். நம் கொட்டகை நாளைக்குத் தின்னும் 1,100 கிலோவில் 22 மில்லிகிராம், விரல் நுனியில் ஒட்டும் தூசு அளவு. அது கல்லீரலைக் கெடுக்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும். கோழி சாகாது. போட்ட ஊசி பலிக்காது, அவ்வளவுதான். சோளம் விலை ஏறும் மாதங்களில் கிலோவுக்கு ஒரு ரூபாய் மலிவாகக் கிடைக்கும் ஈரச் சோளம் இப்படித்தான் திரும்பி வந்து கடிக்கிறது.

கோடை ஒரு நோய் அல்ல. ஆனால் கணக்கில் நோயைப் போலவே நடந்துகொள்ளும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்குச் சற்று மேல். வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரை இரட்டிப்பாகக் குடிக்கும். நாளைக்கு 2,200 லிட்டர் கேட்ட கொட்டகை 4,400 கேட்கும். 110 கிராம் தின்றது 95க்கு இறங்கினால், தீவனத்தில் 3.8 சதவீதம் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் உடம்புக்குள் போவது 4.2 கிராமிலிருந்து 3.6 கிராம் ஆகிவிடும். ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் வேண்டும், தின்றதில் பாதிதான் உடம்பில் சேரும். மூச்சிரைப்பில் கரியமில வாயு அதிகம் வெளியேறுவதாலும் ஓடு மெலியும். அட்டையில் உடைசல் கூடும். அறிந்த பண்ணைக்காரர்கள் கோடையில் கிளிஞ்சலை மாலைத் தீவனத்தோடு தூவுவார்கள். ஓடு உருவாவது இரவில் என்பதால் அந்த நேரத்தில் குடலில் சுண்ணாம்பு இருக்க வேண்டும் என்ற கணக்கு அது.

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழியில் வேறு அலகு, விஷயம் ஒன்றே. 5,000 குஞ்சு விட்டு 40 நாளில் 95 சதவீதம் தேறி, சராசரி 2.1 கிலோ எடை வந்தால் 9,975 கிலோ கறிக்கோழி. எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம், 1.6 என்றால் மொத்தத் தீவனம் 15,960 கிலோ. அடுத்த பேட்சில் மழை ஈரம், தரையில் விரித்த தேங்காய் நார்க்கழிவு காயவில்லை, ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் எய்மீரியா லேசாகப் பிடித்துவிட்டது என்று வைப்போம். ரத்தமாகக் கழிந்து கொத்தாகச் சாகும் அளவுக்கு இல்லை. தேறியது 94.5 சதவீதம், எடை 1.95 கிலோ, எஃப்.சி.ஆர். 1.72. கிடைப்பது 9,214 கிலோ, தின்றது 15,848 கிலோ. தீவனத்தில் 112 கிலோதான் குறைவு, கறியில் 761 கிலோ குறைவு. கூடுதலாகச் செத்த 25 கோழியால் போனது 52 கிலோ. மற்ற 709 கிலோவும் உயிரோடு லாரி ஏறிய கோழிகளின் உடம்பிலிருந்தே காணாமல்போனவை. குஞ்சும் தீவனமும் கம்பெனி தர, கொட்டகையும் ஆளும் மின்சாரமும் போட்டு ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்கு இதில் இரண்டு அடி: கிலோ குறைகிறது, எஃப்.சி.ஆர். ஏறியதால் கிலோவுக்கான வளர்ப்புக் கூலியும் குறைகிறது. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ரத்தக்கழிச்சல் என்ற இந்த ஒரு நோயால் உலகத்துக்கு ஆண்டுக்கு 1,036 கோடி பவுண்ட் செலவு, 2016ஆம் ஆண்டு விலையில். வளர்க்கும் ஒவ்வொரு கோழிக்கும் 16 பென்ஸ்.

இறப்பே பெரிய நஷ்டமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, புழக்கடை. நாட்டுக்கோழி மேய்ந்து தின்கிறது, தீவனச் செலவு அநேகமாக இல்லை. ஆகவே உயிரோடு இருக்கும் கோழியால் நஷ்டம் வராது, செத்தால் எல்லாம் போய்விடும். பத்துக் கோழி வைத்திருக்கும் அம்மா வெள்ளைக்கழிச்சலில் எட்டை இழந்தால் அது அவர் வீட்டு அவசரப் பணம். கோடைக்கு முன் கால்நடைத் துறை இலவசமாக நடத்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் அங்கே நேரடியாக உயிர் காக்கிறது. பறவைக் காய்ச்சலும் இந்த வகைதான். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் வந்தபோது கோழிகளைக் கூட்டமாக அழிக்க வேண்டியிருந்தது. நோயே எட்டாத ஊர்களிலும் முட்டை விலை சரிந்தது. அது வந்தால் கணக்குப் புத்தகத்தையே மூடிவிடும். ஆண்டுதோறும் கசியும் நஷ்டத்தோடு அதை ஒன்றாக எண்ண முடியாது.

முட்டை சரிந்ததும் பெரும்பாலான இடத்தில் நடப்பது ஆண்டிபயாடிக். வைரஸுக்கு அது வேலை செய்யாது. தலைக்கு நாளைக்கு ஒரு ரூபாய் மருந்து என்றாலும் ஐந்து நாளில் 50,000 ரூபாய், 10,000 முட்டை. ஐ.பி.யால் இழந்ததற்கு மேல் இது. கூடவே கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டினை 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குத் தடைசெய்ததற்குக் காரணம் இந்தப் பயம்தான். மருந்து வாங்கும் முன் 20 கோழியின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் 20 கோழியின் ரத்தத்தை அனுப்பினால், எந்த நோய்க்கான டைட்டர், அதாவது எதிர்ப்புப் பொருளின் அளவு, ஏறியிருக்கிறது என்று தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த முடிவு இந்தக் கூட்டத்தைக் காப்பாற்றாமல் போகலாம். அடுத்த கூட்டத்துக்கு எந்த ஊசியை எப்போது போடுவது என்பதை அதுதான் சொல்லும்.

நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு நம் பண்ணைகளின் அமைப்பே பெரிய காரணம். ஒரே வேலிக்குள் 10 வாரக் குஞ்சு, 30 வாரக் கோழி, 70 வாரக் கோழி. கிழக்கூட்டத்தின் வைரஸ் இளங்கூட்டத்துக்குப் போகிறது, இளங்கூட்டம் முற்றும்போது அடுத்ததற்குத் தருகிறது. கடைக்குப் போய்வரும் பிளாஸ்டிக் அட்டை, கழிவுக்கோழி ஏற்ற பத்துப் பண்ணை சுற்றிவரும் லாரி, ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்கு அதே செருப்போடு நடக்கும் ஆள், எல்லாமே வழி. குஞ்சு வளர்க்கும் கொட்டகையைத் தனி இடத்தில், தனி ஆளோடு வைப்பதும், கழித்தபின் கொட்டகையை மூன்று வாரம் காலியாக விட்டு எருவை அள்ளிச் சுண்ணாம்படித்துக் காயவிடுவதும்தான் இந்தச் சங்கிலியை அறுக்கும்.

காலியாக விட்டால் எவ்வளவு போகும் என்று கேட்பார்கள். மூன்று வாரத்தின் லாபம், முட்டைக்கு 19 காசு வீதம், 34,300 ரூபாய். கூலியும் வட்டியும் நிற்காது என்று அந்த 40 காசையும் முழுதாகச் சேர்த்தால் 1 லட்சத்து 7 ஆயிரம். மேலே பார்த்த ஒரு ஐ.பி. தாக்குதலின் நஷ்டம் 4 லட்சத்து 77 ஆயிரம். தவணை கட்ட வேண்டியவருக்கு முட்டையில்லாத 21 நாள் கடினம்தான். முந்தைய ஆண்டில் முட்டைக்கு மூன்றரைக் காசு எடுத்து வைத்திருந்தால் அந்த 1 லட்சத்து 7 ஆயிரம் கையில் இருக்கும்.